ஆளுக்கு மூணு நாசில்

அங்கே போயும் யாருடைய வண்டியையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். நல்லா இருக்கீகளா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. நான் நன்றாக இல்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். ஒரு வருஷம் ஆகியும் அது குறைகிற வழியாக இல்லை. உங்கள் முதல் திதிக்குச் சோறு வடிக்கும்போதுகூட உங்களைத் திட்டிக்கொண்டேதான் வடித்தேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணி நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உங்களைப் போலவே சாப்பாட்டில் கருவேப்பிலையைப் பொறுக்கி ஓரம் வைக்கிறாள். நம் லாரி ஓடுகிறது. டிரைவர் கருப்பையா மல்லியும் வத்தலும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வருகிறார். வண்டியின் டீசல் பம்ப் நீங்கள் வைத்த அளவிலேயே இருக்கிறது. அளவை யாரும் மாற்றாதபடி அதன் ஸ்குரூவில் வைத்த ஈய முத்திரை, அந்த சீல், உடையாமல் இருக்கிறது, ஒருத்தரையும் தொடவிடவில்லை. மெதுவாகத்தான் போகிறது, ஆனால் புகை இல்லை.

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் மடித்து வைக்க நான் எழுதவில்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கொடுத்து நோட்டீஸாக அடிக்கப் போகிறேன். வருஷ நினைவுக்கு நோட்டீஸ் அடிப்பது நம் பக்கத்தில் வழக்கம்தானே. உங்கள் அண்ணன் அடித்துக் கொடுத்துவிட்டார். வழவழப்பான தாளில் உங்கள் போட்டோ, சுற்றிலும் கறுப்புக் கோடு, கீழே ஆறாத் துயரில் அண்ணன் என்று அவர் பேர். அதில் இல்லாததை நான் அடிக்கிறேன். விவரம் தெரியாதவர்களும் வாங்கிப் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் போனபிறகு ரெண்டு லாரியும் பாகம் பிரிந்த கதையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். ரெண்டும் டீசல் லாரி. பெரியதும் புதியதும் அண்ணனுக்கு, பழையது உங்களுக்கு என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. நீங்கள் அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்குப் பட்டாசு லோடு, நமக்கு மளிகைச் சரக்கு. அவர் சிவகாசிக்குக் குடிபோவது, நாம் விருதுநகரிலேயே இருப்பது. பாத்திரம், பண்டம், தராசு, தார்ப்பாய் வரைக்கும் பிரித்தாயிற்று. கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஆறு புது நாசில்.

நாசில் என்றால் என்ன என்று எனக்கே நீங்கள் சொல்லித்தான் தெரியும். அடுப்படியில் வந்து நின்றுகொண்டு கரண்டியைக் காட்டிச் சொன்னீர்கள். பம்ப் என்பது அளந்து ஊற்றுகிற கரண்டி, நாசில் குடிக்கிற வாய். இன்ஜினுக்கு ஆறு வாய். ஆறும் ஒரே மாதிரி குடித்தால்தான் வண்டி ஒரு சீராக இழுக்கும். ஒன்று விழுங்கி, ஒன்று வழியவிட்டால் குடிக்காத டீசல் கரியாகிப் புகைக் குழாயில் போய் அப்பிக்கொள்ளும். அப்பிய கரி ஒருநாள் நெருப்பாகத் தெறிக்கும் என்றும் அன்றைக்கே சொன்னீர்கள். நான் தாளிப்பு கருகுகிறது, தள்ளி நில்லுங்கள் என்றேன்.

வெளிநாட்டுச் சாமான் பெர்மிட் இல்லாமல் கிடைக்காத காலம். மெட்ராசில் ஆள் பிடித்து, மாசக்கணக்கில் காத்திருந்து அந்த ஆறையும் வாங்கினீர்கள். பெரிய லாரியின் பம்பைக் கழற்றி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய், அந்த ஆறு நாசிலுக்கு ஏற்றபடி பம்பை அளவு வைத்துக்கொண்டு வந்தீர்கள். பம்பை வண்டியில் மாட்டியாயிற்று. நாசில் மாட்ட மறுநாள் நல்ல நேரம் பார்த்திருந்தீர்கள். அதற்குள் பாகப்பிரிவினைக்குப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் தாய்மாமன்தான் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன மாப்ள இது, மத்தாப்புக் குச்சி மாதிரி இருக்கு?" என்றார். நீங்கள் சொன்னீர்கள்.

"மாமா, இது ஆறும் ஒரு செட்டு. அண்ணன் வண்டி பம்பு இதுக்குத்தான் அளவு வச்சிருக்கு. ஆறையும் அண்ணனே எடுத்துக்கிடட்டும். எனக்கு வேண்டாம்."

அங்கேதான் வந்தது வினை. வேண்டாம் என்று ஒருத்தன் சொன்னால் நம் சனத்துக்கு நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். உங்கள் அண்ணன் பெட்டியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார்.

"ஏலே, அம்புட்டையும் எனக்குத் தாரேங்கியே, என்ன சங்கதி? பழுதா? இல்ல, நாளைக்கு ஊருக்குள்ள அண்ணனுக்கு விட்டுக் கொடுத்தேன்னு சொல்லித் திரியவா? எனக்கு என் பங்கு மட்டும் போதும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

"அண்ணே, மூணை மட்டும் மாட்டுனா வண்டி கெட்டுப் போகும்ணே. பழசு மூணு, புதுசு மூணு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கிடாது."

"சாமானுக்குள்ளயும் ஒத்துமை இல்லையாக்கும்?" என்றார் தாய்மாமன். எல்லாரும் சிரித்தார்கள். அவரே பெட்டிக்குள் கைவிட்டு எண்ணி வைத்தார். "ஆளுக்கு மூணு. நியாயம் முடிஞ்சுது. காப்பி கொண்டாங்க."

நான்தான் காப்பி கொண்டுவந்தேன். அந்த நியாயத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். செருப்பில் ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றிய இரும்பு என்பதால் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, அதனால் எல்லாரும் திருப்தியாகக் காப்பி குடித்தார்கள்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? அதுவும் இல்லை. நம் மூன்றையும் துணியில் சுற்றி, மறுவாரமே சிவகாசிக்குக் கொடுத்துவிட்டீர்கள். அண்ணன் வண்டிக்கு மாட்டிக்கிடச் சொல்லு என்று. அது போன வேகத்தில் திரும்பி வந்தது. "தம்பிகிட்டப் பிச்சை வாங்குற நெலமைக்கு நான் இன்னும் வரல" என்று சொல்லியனுப்பியிருந்தார். நீங்கள் அந்தத் துணியை அவிழ்க்காமல் அலமாரியில் வைத்தீர்கள். நம் வண்டிக்கும் மாட்டவில்லை. பழைய ஆறோடு பழைய லாரி ஒழுங்காக ஓடியது. "ஏங்க, நீங்களாச்சும் மாட்டுங்களேன்" என்றதற்கு, "மூணை வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய சொர்ணம்" என்றீர்கள். உங்களுக்கு வருத்தம் அண்ணன் பேசியதில் இல்லை. ஒரு நல்ல செட்டு உடைந்து போனதில்தான் உங்களுக்கு வருத்தம். அதை நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் வேறொரு ஆளை வைத்துப் புதுசு மூணு, பழசு மூணு என்று மாட்டிக்கொண்டார். பெரிய லாரி அன்றிலிருந்து இருமிக்கொண்டேதான் ஓடியது. சாத்தூர் ரோட்டில் அது வருவது தெரிவதற்கு முன்னால் புகை தெரியும். தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்து கிடந்தது. வண்டியோ ஆமத்தூர் தாண்டி ஒரு சின்ன ஏற்றத்துக்கே முக்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தெரியும், உங்களுக்குத்தான் முதலில் தெரியும். பம்பில் இருந்த ஈயச் சீலை உடைத்து, ஸ்குரூவைத் திருகி, டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். சீசனுக்குச் சீசன் பல லாரிக்காரர்கள் செய்கிற வேலைதான். குடிக்கத் தெரியாத வாயில் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற வேலை. வெடி ஏற்றுகிற வண்டிக்கு அதைச் செய்தார்கள் என்பதுதான் என்னால் இன்னும் செரிக்க முடியாதது.

அதற்குப் பிறகுதான் ஆள் அனுப்பினார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி நிற்கிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, தம்பியை உடனே வரச் சொல்லு என்று. பிரிந்த நாளிலிருந்து வாசல் மிதிக்காத அண்ணன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"போகாதீக. மாட்டுனவனே வந்து பாக்கட்டும்."

"அண்ணன் கூப்பிட்டு விட்டிருக்காரு சொர்ணம்."

"நாசிலைத் திருப்பி அனுப்புனப்ப அண்ணன் எங்க போனாரு?"

நீங்கள் சிரித்தீர்கள். "நீயும் சீல் ஒடைச்ச பம்பு மாதிரிதான். அளவு மீறி ஊத்துறே" என்றீர்கள். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நீங்கள் எந்த வேலைக்கும் கிளம்பி நான் பார்த்ததில்லை. அண்ணன் மறுபடி பேசப் போகிறார் என்ற சந்தோஷம். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஏன் போனீர்கள்? உங்களை யாரும் மதிக்காத இடத்துக்கு அவ்வளவு அவசரமாக ஏன் போனீர்கள்?

அங்கே நடந்ததை அந்த லாரியின் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அழுதுகொண்டே எனக்குச் சொன்னார். லாரி, ஆட்கள் வேலை பார்க்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. முழு லோடு. பெட்டிகளுக்கு நடுவே வைக்கோல், மேலே தார்ப்பாய். நீங்கள் பம்பைப் பார்த்ததும் கேட்டிருக்கிறீர்கள்.

"அண்ணே, சீலை ஒடைச்சது யாரு?"

"அத விடுலே. எந்த நாசில் மக்கர் பண்ணுதுன்னு பாரு."

"ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பாக்கணும்ணே. அதுக்கு இன்ஜின் ஓடணும். கொழாய் பூராம் கரி. லோடை எறக்குங்க. எறக்காம நான் இங்கன ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

"சீசன்ல எறக்கி ஏத்த ஆளுக்கு நான் எங்க போவேன்? முடிஞ்சாப் பாரு, இல்லாட்டி போ."

போயிருக்கலாம். அவரே போ என்று சொல்லிவிட்டார். ஆனால் நீங்கள் போனால் யாராவது அதை அங்கேயே வைத்து உறுமவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, ஷெட்டை விட்டுத் தள்ளிக் காட்டுப் பக்கம் கொண்டுபோக நீங்களே ஏறி உட்கார்ந்தீர்கள். மெதுவாகத்தான் எடுத்தீர்களாம். கேட்டைத் தாண்டுகிற இடத்தில் ஒரு மேடு. அதில் ஏற ஆக்சிலேட்டரை மிதித்தபோது புகைக் குழாய் நெருப்பாகக் கக்கியது என்றார் டிரைவர். வைக்கோல் பிடித்துக்கொண்டது. பின்னால் எல்லாரும் குதிங்க, குதிங்க என்று கத்தியிருக்கிறார்கள். நீங்கள் குதிக்கவில்லை. குதித்தால் வண்டி பின்னால் உருண்டு ஷெட்டுக்கே வந்துவிடும். மேட்டைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இறக்கிய பிறகுதான் எல்லாம் வெடித்தது. ஷெட்டில் இருந்த ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிதான் மிச்சம் இருந்தீர்கள். உங்களால் பேச முடியவில்லை. அதைப்பற்றி இந்த நோட்டீஸில் எழுத மாட்டேன்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். அதற்குள் உங்கள் அண்ணன் ஒரு கதை தயார் செய்துவிட்டார். தம்பி ரிப்பேர் பார்க்கும்போது வாயில் பீடி வைத்திருந்தான் என்று. சீல் உடைத்தது தெரிந்தால் வெடி ஏற்றுகிற லைசென்ஸ் போய்விடும். பீடி என்றால் செத்தவனோடு எல்லாம் முடிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் அழுத அதே டிரைவர், அதிகாரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, நான் கவனிக்கலைங்க ஐயா என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பிழைப்பு அங்கேதான்.

அதிகாரி என்னிடம் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்குப் பீடி பழக்கம் உண்டாம்மா?"

"பீடி, சிகரெட்டு, பொடி, ஒண்ணும் கெடையாதுங்க. அவுகளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்துச்சு. அண்ணன் கூப்பிட்டாப் போயிருவாக."

சீல், ஸ்குரூ, மூன்று மூன்று நாசில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். லாரியில் மிச்சம் இருந்தது உருகிய இரும்பு மட்டும்தான், அதில் சீலும் இல்லை, நாசிலும் இல்லை. கடைசியில் விபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள். காரணம் தெரியாதாம். ஊரும் பீடி என்றே பேசிப் பழகிவிட்டது. ராணியிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, உங்கப்பா பீடி குடிச்சுத்தான லாரி எரிஞ்சுச்சு என்று கேட்டிருக்கிறது. அவள் அழுதுகொண்டு வரவில்லை, அந்தப் பிள்ளையைக் கடித்துவிட்டு வந்தாள். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லி, இன்னொரு தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அண்ணன் இன்சூரன்சில் புது லாரி எடுத்துவிட்டார். உங்கள் திதி அன்றைக்கு அதை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வண்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் உங்கள் பேர். பேர் எழுதுகிறவர் ஏணியில் நின்று கடைசி எழுத்துக்கு மஞ்சள் கரை போட்டுக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது. "எம்புட்டுப் பெரிய மனசு பாத்தீகளா, தம்பி பேரையே வச்சிட்டாரு" என்று தாய்மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சொர்ணம், இங்கன வந்து பாரு தாயி" என்று உங்கள் அண்ணன் கூப்பிட்டார். பார்க்கத்தான் கூப்பிட்டார். கிட்ட வரக் கூப்பிடவில்லை. தாலி அறுத்தவள் புது வண்டிக்கு எதிரே வரக்கூடாது, நிலைப்படியோடு நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

நான் இறங்கிப் போனேன். தேங்காய் வைத்திருந்த இடத்தைத் தாண்டி, வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றேன். உங்கள் அண்ணன் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பூசாரி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அத்தான், பேரு நல்லா இருக்கு. இந்தப் பேருக்காரரு பீடி குடிச்சாகளா, இல்லையா? இத்தனை பேருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டு வண்டியை எடுங்க. சொல்ல முடியலைன்னா இந்தப் பேரு உங்க வண்டியில வேண்டாம். அழிக்கச் சொல்லுங்க."

"நல்ல நாளும் பொழுதுமா என்னத்தா பேசுறே?" என்றார் தாய்மாமன்.

"நல்ல நாளா? எங்க வீட்டுல இன்னைக்குத் திதி மாமா."

உங்கள் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். உங்கள் பேரைத்தான் பார்த்தார். அந்தச் சமயத்தில் நான் நம்பினேன். கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு, சொல்லிவிடுவார், தம்பி பீடி தொடமாட்டான் என்று சொல்லிவிடுவார் என்று சாமியைக் கும்பிட்டபடி நின்றேன். நீங்களும் எங்கேயிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

அவர் ஏணியில் நின்றவரைப் பார்த்து, "அழிச்சிரு" என்றார்.

பெயிண்ட் காயவே இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் வந்துவிட்டது. யாருக்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்களோ, அவர் வாயால், அவர் கண் முன்னால். ஒரு வார்த்தை உண்மை சொல்வதைவிட உங்களைத் துடைத்துப் போடுவது அவருக்கு லேசாக இருந்தது. வண்டி மாலையோடு கிளம்பிப் போயிற்று. தாய்மாமன் என் வீட்டில் இனிமேல் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நனைக்க வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்கு நீங்கள் எவ்வளவு வேண்டியவர் என்று இப்போதாவது உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. நான் ஜெயித்திருந்தால் உங்கள் பேர் அங்கே இருந்திருக்கும். அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் போனபோது அழாததையும் சேர்த்து அழுதேன்.

ஆனாலும் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். பஸ்ஸிலோ, கோயிலிலோ, கல்யாண வீட்டுப் பந்தியிலோ, எங்கே யார் அந்தப் பீடியைப் பற்றிப் பேசினாலும் அங்கேயே எழுந்து நின்று, இல்லை என்று சொல்வேன். இந்த நோட்டீஸை முதலில் உங்கள் அண்ணன் லோடு ஏற்றிய அந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்று நானே கொடுப்பேன். அந்த ஷெட்டில் அன்றைக்கு வேலை பார்த்து உயிரோடு வீடு போன ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். ஒருத்தர்கூட நம்பாவிட்டாலும் நிறுத்த மாட்டேன்.

ஆனால் உங்களை மன்னிப்பதா இல்லையா என்பதை மட்டும் இதில் எழுத மாட்டேன். அதை நேரில் வந்துதான் சொல்வேன். அதுவரைக்கும் அங்கே யார் கூப்பிட்டாலும் போகாமல், எனக்காக ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

உங்கள் பேரைச் சொல்லியே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுக்காரி,
ராணியின் அம்மா
சொர்ணம்,
விருதுநகர்.